சரிவுல ஒடச்ச பூசணிக்கா

வாங்க சார், வாங்க. கோர்ட்டுலருந்து எடத்தப் பாக்க வந்திருக்க கமிஷனர் நீங்கதான? பாத்தவொடனே கண்டுபிடிச்சுட்டேன். கறுப்புப் பேண்ட்டு, கையில அட்டை, அதுல கிளிப்ப மாட்டி வெள்ளப் பேப்பரு. இந்தா, இந்த ஸ்டூல்ல ஒக்காருங்க. நோட்டீஸ்ல பதினோரு மணின்னுதான போட்டுருக்கு? இப்ப மணி பத்தே காலு. நல்லதாப் போச்சு. அந்தம்மாவும் அவுங்க வக்கீலும் வர்றதுக்குள்ள உள்ளத உள்ளபடி சொல்லிப்புடுறேன். அவுங்க வந்துட்டா என்னைய வாயத் தெறக்க விடமாட்டாய்ங்க.

கேட்டுலயே ஒங்கள மறிச்சுப் பின்னாடிப் படி வழியா கூட்டியாந்தேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. முன்னாடி சரிவு இருக்குல்ல, வண்டி ஏறி எறங்குற வழி, அத விடியக்காலையில நானே பினாயிலும் சோப்புத்தூளும் போட்டுத் தேச்சு விட்டேன் சார். எல்லாம் ஒங்களுக்காகத்தான். இன்னும் காயல. கீழ்த்தளம்ல, வெயிலு எறங்காது. கோர்ட்டுலருந்து வந்த ஆளு அதுல கால வச்சு விழுந்துட்டா என் கதி என்னாகுறது? ஏற்கெனவே ஒரு கேஸே கழுத்து வரைக்கும் நிக்குது.

எம்பேரு தவசி. டவுன்ஹால் ரோட்டுல எறங்கி ‘ஸ்டாண்டு தவசி’ன்னு கேளுங்க, சின்னப்புள்ள கூட வழி சொல்லும். பத்தொம்பது வருசமா இந்தக் காம்ப்ளெக்ஸுக்குக் கீழ டூவீலர் ஸ்டாண்டு நடத்துறேன். குத்தகை. ஒரு நாளைக்கி எரநூறு வண்டி நிக்கும். இதுவரைக்கும் ஒரு வண்டி காணாமப் போனதில்ல, ஒரு கண்ணாடி ஒடஞ்சதில்ல. அப்படியும் ஒரு போர்டு போட்டு வச்சிருக்கேன். அந்தா தெரியுது பாருங்க, மஞ்ச போர்டு, செவப்பு எழுத்து. ‘வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.’ மொத மொத குத்தகை எடுத்த அன்னிக்கே எழுதுனது. எழுதி மாட்டியாச்சுன்னா பேச்சே கெடையாதுல்ல சார்? படிச்சுட்டுத்தான வண்டிய உள்ள விடுறாங்க? விட்டாங்கன்னா சம்மதிச்சாங்கன்னுதான அர்த்தம்?

என்ன, அப்படி இல்லயா? சட்டத்துல அப்படி இல்லயா? சரி விடுங்க. போர்டு எழுதுன பெயிண்டரு சட்டம் படிச்சவன் இல்ல, நானும் படிச்சவன் இல்ல.

இந்த இந்துராணியம்மா இருக்காங்களே, மேல மூணாவது மாடியில ஆடிட்டர் ஆபீஸ்ல வேல. ஆறு வருசமா மாசப் பாஸு. காலையில எட்டே முக்காலுக்கு வண்டிய விட்டுட்டு ‘வர்றேண்ணே’ம்பாங்க. சாயங்காலம் ஆறேகாலுக்கு வந்து ‘கெளம்புறேண்ணே’ம்பாங்க. பொங்கலுக்குப் பொங்க வரும், கார்த்திகைக்குப் பொரி உருண்ட வரும். எம் பொண்டாட்டி பஞ்சவர்ணத்துக்கும் அவுங்களுக்கும் அப்படி ஒரு ஒட்டு. இந்தக் கவுண்டர்ல அப்ப டோக்கன் குடுத்தது அவதான், ரெண்டு பேரும் நின்னு பேச ஆரம்பிச்சா பின்னாடி அஞ்சு வண்டி ஹாரன் அடிக்கும். அப்படி அண்ணே அண்ணேன்னு கூப்ட்ட வாயி சார், இன்னிக்கிக் கோர்ட்டுல என்னைய ‘எதிர்தரப்பு’ங்குது. எதிர்தரப்பாம்! நான் என்ன பாகிஸ்தானா?

இருங்க, கோவப்படல. சொல்றேன்.

போன ஐப்பசி அமாவாச. எல்லா அமாவாசைக்கும் நான் பூசணிக்கா சுத்தி ஒடைப்பேன். இம்புட்டு வண்டி நிக்கிற எடம், எரநூறு பேரு கண்ணு படுற எடம். பாதுகாப்பு வேணாமா? விபத்துத் தடுப்புன்னு சுவத்துல எழுதி வச்சா போதுமா, திருஷ்டி கழிக்க வேணாமா? வண்டிகளுக்காகத்தான் சார் ஒடைக்கிறேன். எனக்காகவா? அந்தம்மா வண்டியும் அதுல ஒண்ணுதான.

முன்னெல்லாம் ரோட்டுலதான் ஒடைப்பேன், கேட்டுக்கு வெளிய. அதுக்கு முந்துன வருசம் ஒரு பய பைக்குல வந்து அதுல ஏறி வழுக்கி விழுந்துட்டான். பெருசா ஒண்ணுமில்ல, முட்டி செராய்ப்பு. டிராபிக் போலீஸ்காரரு வந்து, ‘ஏய்யா, ஊரு போற ரோட்டுல ஒடச்சுப் போட்டு ஆளக் கொல்லப் பாக்குறியா’ன்னு நாலு பேரு முன்னாடி சத்தம் போட்டுட்டாரு. எனக்குச் சுருக்குன்னு பட்டுச்சு. நியாயந்தான, ரோட்டுல ஒடைக்கக் கூடாது. அன்னியிலருந்து பொறுப்பா உள்ள கொண்டாந்து, நம்ம எடத்துல, இந்தச் சரிவுல ஒடைக்க ஆரம்பிச்சேன். பாருங்க, எம்புட்டுப் பொறுப்பு. இத எழுதிக்கங்க. ரோட்டுல போறவன் விழக்கூடாதுன்னு யோசிச்ச ஆளு நானு.

அன்னிக்கிச் சாயங்காலம் அஞ்சரை மணி. சூடத்த ஏத்தி, மூணு சுத்துச் சுத்தி, சரிவுல பாதியில போட்டு ஒடச்சேன். ஓரமாத்தான். பூசணிக்கா நான் சொன்ன எடத்துலயே நிக்குமா? ஒடஞ்சா தெறிக்கத்தான் செய்யும். சரிவுன்னா உருளத்தான் செய்யும். குங்குமத் தண்ணியும் வெதையும் சதையுமா அங்கங்க கெடந்துச்சு.

அள்ளலையான்னு கேக்குறீங்களா? அட, அன்னிக்கே அள்ளக்கூடாது சார்! எங்க பக்கம் அதான் வழக்கம். கழிச்சத அன்னிக்கே அள்ளுனா அந்தத் திருஷ்டி திரும்ப அள்ளுனவன் மேலயே ஏறும். மறுநா காலையிலதான் தள்ளி விடணும். பத்தொம்பது வருசமா அப்படித்தான் செய்றேன். ஒருநா ஒரு பொழுது மாறுனதில்ல.

வெளக்கா? சரிவுல ஒரு ட்யூப் லைட்டு இருந்துச்சு. போயிருச்சு. அப்ப ரெண்டு மாசந்தான் ஆயிருந்துச்சு போயி. அதையும் பெருசா பேசுறாய்ங்க. ‘எங்கட்சிக்காரர் ரெண்டு தடவ சொல்லியும் மாத்தல’ன்னு அவுங்க வக்கீலு நீட்டி மொழக்குறாரு. ரெண்டு தடவ இல்ல சார், மூணு தடவ சொன்னாங்க. நான் பொய் சொல்ல மாட்டேன். ‘இருட்டாக் கெடக்குண்ணே, நடக்கப் பயமா இருக்கு’ன்னு சொன்னாங்க. நானும் ‘மாத்திருவோம்மா’ன்னு மரியாதையாத்தான் பதில் சொன்னேன். இப்ப பாருங்க, நேத்து மாட்டுனேன், எல்.இ.டி. பளீர்னு இருக்குல்ல? எழுதிக்கங்க, வெளக்கு இருக்கு.

அடுத்து என்ன கேப்பீங்கன்னு தெரியும். அவுங்க ஏன் வண்டி போற சரிவுல நடந்து வந்தாங்க, ஆளு நடக்கத்தான் பின்னாடி படி இருக்கேன்னு கேப்பீங்க. நல்ல கேள்வி. அந்தப் படிய நான் பூட்டித்தான் வச்சிருப்பேன். தொறந்து விட்டா டோக்கன காட்டாம நழுவிருவாய்ங்க சார், ஒங்களுக்குத் தெரியாது நம்ம ஊரு ஆளுகள. அதுவும் போக ஹெல்மெட்டு, பழைய டயரு, ஆயில் டின்னு எல்லாம் அங்கதான் கெடக்கும். ஒங்களுக்காகத்தான் இன்னிக்கித் தொறந்து ஒதுக்கி வச்சேன். அப்ப அவுங்க சரிவுல நடக்காம பறந்தா வருவாங்க? நடந்துதான் வரணும். ஆனா கீழ பாத்து நடக்கணுமா இல்லயா? அதான் என் கேள்வி. அதுக்குப் பதிலச் சொல்லச் சொல்லுங்க.

ஆறேகாலு. மழ மேகம் வேற, இருட்டிக்கிட்டு வருது. அந்தம்மா கைப்பைய மாட்டிக்கிட்டு எறங்குனாங்க. நான் இங்கதான் நிக்கிறேன், இந்தத் தூணுகிட்ட. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பூசணிக்கா கெடக்குன்னு எனக்குத் தெரியும். வர்றாங்கன்னும் தெரியுது. பாத்து வருவாங்கன்னு நெனச்சேன். படிச்சவுங்கதான.

டொம்முன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். இடுப்பெலும்பு.

நாந்தான் சார் மொதல்ல ஓடுனேன்! இந்தக் கோர்ட்டு, வக்கீலு, எவனாவது இதச் சொல்றானா? விழுந்த சத்தம் அடங்கல, நான் ஓடிட்டேன். ஓடிப்போயி இந்தக் கவுண்டருக்குப் பின்னாடி இருந்த வெளக்கமாத்த எடுத்தேன், ஒரு வாளித் தண்ணிய எடுத்தேன், சரசரன்னு அந்தப் பூசணிக்காய அம்புட்டையும் கூட்டி அள்ளிச் சாக்குல போட்டேன். தண்ணிய ஊத்திக் கழுவி விட்டேன். ஒரு வெத இல்ல. இன்னொருத்தரு வந்து வழுக்கி விழுந்துறக் கூடாதுல்ல? திருஷ்டி எம்மேல ஏறுனாலும் பரவால்லன்னு அள்ளுனேன் சார், யோசிச்சுப் பாருங்க. எல்லாத்தையும் முடிச்சுட்டு நிமிந்து பாத்தா, அந்தம்மா அங்கனயே கெடக்குறாங்க. நான் ஊத்துன தண்ணி அவுங்க சேலையில ஓடுது. பஞ்சவர்ணம் தலைய மடியில வச்சுக்கிட்டு ‘ஆட்டோ, ஆட்டோ’ன்னு கத்துறா.

என்ன சார் அப்படிப் பாக்குறீங்க?

இத எழுத வேணாம். சும்மா பேச்சுக்குச் சொன்னேன். எடத்தப் பாக்கத்தான வந்தீங்க, எடத்த எழுதுங்க.

பஞ்சவர்ணம் அன்னிக்கி ஆஸ்பத்திரிக்குப் போனவ, மறுநா காலையிலதான் வீட்டுக்கு வந்தா. வந்து ஒரே ஒரு வார்த்த சொன்னா. ‘அவளத் தூக்குறதுக்கு முன்னாடி வெளக்கமாத்தத் தூக்குனீகளே.’ அம்புட்டுத்தான். அதுக்குப் பெறகு கவுண்டர் பக்கமே வர்றதில்ல. பதினொரு மாசமாச்சு. சோறு போடுவா, கொழம்ப ஊத்துவா, பேச மாட்டா. என் வக்கீலு கேட்டாரு, ‘ஒங்க சம்சாரம்தான நேர்ல பாத்தது, சாட்சிக்கிக் கூட்டியாங்களேன்’னு. வேணாம்னுட்டேன். ஏன்னு கேக்காதீங்க. பொம்பளைகள எதுக்குக் கோர்ட்டு வாசலுக்கு இழுத்துக்கிட்டு.

ஆஸ்பத்திரிக்கி நானும் போனேன் சார். போகாம இல்ல. ஆரஞ்சு, ஹார்லிக்ஸு எல்லாம் வாங்கிட்டுத்தான் போனேன். காலுல வெயிட்டு கட்டித் தொங்க விட்டுருந்தாய்ங்க. ‘என்னம்மா, பாத்து வரக்கூடாதா’ன்னு அக்கறையாத்தான் கேட்டேன். அதுக்கு அந்தம்மா மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. வெளங்குதா? நலம் விசாரிக்கப் போனவன் கிட்ட மூஞ்சியத் திருப்புறது. அடுத்த மாசம் வீட்டுக்கு நோட்டீசு வருது. வேலியில போற ஓணான வேட்டிக்குள்ள எடுத்து விட்டுக்கிட்ட கதையா, பேசாம வீட்டுல இருந்தவன் ஆரஞ்சு வாங்கிட்டுப் போயி வம்ப வாங்கிட்டு வந்தேன்.

கோர்ட்டுல என்னைய அசிங்கப்படுத்துனத நெனச்சா இன்னும் ஒடம்பெல்லாம் எரியுது. நான் தெளிவாச் சொன்னேன், ‘ஐயா, வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்லன்னு போர்டு மாட்டியிருக்கு.’ அவுங்க வக்கீலு, ஒல்லியா நறுங்கலா ஒரு ஆளு, எந்திரிச்சு நிக்கிறாரு. ‘எங்கட்சிக்காரரு வாகனமா? அவுங்க இடுப்பெலும்பு வாகனமா?’ங்குறாரு. கோர்ட்டே சிரிக்குது. நான் விட்டேனா? ‘பூசணிக்கா ஓரமாத்தான் கெடந்துச்சு, நடுவுல கெடந்ததுக்குப் போட்டோ இருக்கா’ன்னு கேட்டேன். போட்டோ எங்கிட்டு இருக்கும்? அதான் ஒரு வெத இல்லாமக் கழுவியாச்சே. அதுக்கு அந்தாளு, ‘முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கப் பாக்குறாரு ஐயா’ன்னுட்டாரு. மறுபடியும் சிரிப்பு. ஜட்ஜய்யா பக்கத்துல ஒக்காந்திருந்த மெம்பரு மேடமும் வாயப் பொத்திக்கிட்டாங்க. பத்தொம்பது வருசம் மானமா பொழச்சவன் சார் நானு.

நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல. வைத்தியச் செலவ குடுத்துருவோம், சமாதானமாப் போயிருவோம்னு ஆளு விட்டேன். அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? பணம் வேணாமாம். சரிவுல பிடிச்சு நடக்கக் கம்பி போடணுமாம், படியத் தொறந்து விடணுமாம், அந்த போர்ட எறக்கணுமாம். அதெல்லாம் கூட போகுதுன்னு வையிங்க. ஒரு பேப்பர்ல ‘என் கவனக்குறைவுனாலதான் இது நடந்துச்சு’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமாம்! ஒத்த வரி. அந்த ஒத்த வரி குடுத்தாக் கேஸ வாபஸ் வாங்கிருவாங்களாம்.

எப்படி சார் குடுக்க? காம்ப்ளெக்ஸ் ஓனரு தெளிவாச் சொல்லிட்டாரு. ‘தவசி, தப்பு ஒம்மேலன்னு நீ எழுதிக் குடுத்தா, அது நாளைக்கி எந்தலையில விடியும். எழுதிக் குடுத்த அன்னிக்கே ஒன் குத்தகை முடிஞ்சுது.’ அவருக்கென்ன, சொல்லிட்டுக் கார்ல ஏறிப் போயிட்டாரு. அம்பத்தெட்டு வயசுல நான் எங்கிட்டுப் போக? ஊருக்கு எளச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டின்னு சும்மாவா சொன்னாய்ங்க?

குத்தகைய விடுங்க. குத்தகை போகாதுன்னாலும் எழுத மாட்டேன். செய்யாத தப்ப எதுக்கு எழுதணும்? நான் தள்ளி விட்டேனா?

இங்கிட்டு வாங்க சார், ஒண்ணு காட்டுறேன். இந்தா, இந்தச் செவப்பு ஸ்கூட்டி. இது யாரு வண்டின்னு நெனைக்கிறீங்க? அந்தம்மா வண்டிதான். அன்னிக்கி விட்டது விட்ட எடத்துல நிக்குது. எடுக்க ஆளு வரல, அவுங்க இனிமே ஓட்டவும் முடியாதாம். பதினொரு மாசமா மாசப் பாஸு கெடையாது, நானும் கேக்கல. வாரத்துக்கு ஒருக்கா தொடச்சு, கவுண்டர்ல குடுத்து வச்ச சாவியப் போட்டு, கிக்கர ஒதச்சு ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன், பேட்டரி செத்துறக் கூடாதுல்ல. தார்ப்பாய் போட்டு மூடி வைக்கிறேன். ஒரு கீறலு காட்டுங்க பாப்போம்! பொறுப்பல்லன்னு போர்டு போட்டவன் சார் நானு, ஆனா எப்படி வச்சிருக்கேன் பாத்தீங்களா? இத எழுதுங்க. கோர்ட்டுக்குத் தெரியட்டும், தவசி பொறுப்பான ஆளா இல்லயான்னு.

எழுதலையா? ஏன் சார்? நான் சொல்ற நல்லது ஒண்ணையும் எழுத மாட்டேங்குறீங்க.

அந்தா வந்துட்டாங்க. மேல பாருங்க, கேட்டுகிட்ட. ஆட்டோவுல வந்து எறங்குறாங்க. அந்த நறுங்க வக்கீலு முன்னாடி, அந்தம்மா பின்னாடி. அந்த வாக்கரு இருக்கு பாருங்க, நாலு காலு கம்பி, அத ஊணி ஊணித்தான் நடக்குறாங்க. அனுதாபத்துக்காகத்தான் இன்னிக்கி எடுத்துட்டு வந்துருப்பாங்கன்னு நெனைக்கிறேன். ஆமா, கோர்ட்டுக்கும் அப்படித்தான் வந்தாங்க. கடைக்குப் போறப்பவும் அதானாம், பஞ்சவர்ணம் பக்கத்து வீட்டுல சொல்லிக்கிட்டு இருந்தா. மூணு மாடி ஏற முடியாதுன்னு ஆபீஸ்ல வேலையும் போச்சாம். அதுக்கு நான் என்ன செய்ய?

வரட்டும். நான் எந்திரிக்கக் கூட மாட்டேன். எதிர்தரப்புன்னா எதிர்தரப்பு மாதிரியே ஒக்காந்திருக்கேன்.

வக்கீலு ஃபோன் பேசிக்கிட்டு அங்கனயே நின்னுட்டாரு. அந்தம்மா பாட்டுக்குச் சரிவுல எறங்க வர்றாங்க பாருங்க. கேட்டுல நின்னு கூப்டா நான் போக மாட்டேனா? வாக்கர ஊணிட்டாங்க. ஐயய்யோ, ஊணிட்டாங்க சார்!

ஏம்மா! ஏ தங்கச்சி! நில்லு! அங்கயே நில்லும்மா, கால வைக்காத! சோப்புத் தண்ணி, ஈரமாக் கெடக்கு, வழுக்கும்! அசையாம நில்லு, நான் வர்றேன், கையப் பிடிச்சுப் பின்னாடிப் படியில கூட்டிட்டு வர்றேன்! நில்லும்மா!

நின்னுட்டாங்க. அப்பாடி.

என்னம்மா? என்ன சொல்ற? கேக்கல, சத்தமாச் சொல்லு.

கேட்டுச்சா சார், என்ன சொன்னாங்கன்னு?

‘இந்த ஒரு வார்த்தைய அன்னிக்கிச் சொல்லியிருக்கலாமேண்ணே’ங்குறாங்க.

சார், என்ன எழுதுறீங்க? இம்புட்டு நேரமா பேனாவ மூடி வச்சுக்கிட்டு இருந்தீங்க, இப்ப என்ன கடகடன்னு எழுதுறீங்க? நான் சத்தம் போட்டதையா? அது எடமா சார்? எடத்தத்தான எழுத வந்தீங்க? விழப்போற ஆளப் பாத்தா எவனும் கத்தத்தான் செய்வான். அத எழுதாதீங்க. எழுதிட்டீங்களா? அந்த ஒத்த வரிய மட்டும் அடிச்சுருங்க சார், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

சரி, அண்ணேன்னு சொன்னாங்களே, அதையாவது எழுதுனீங்களா?